புகழப் புகழ வளர்ந்த நாய்

பட்டன் என்ற நாய் புகழப் புகழ வளர்ந்ததில் மில்பரோ ஊர்க்காரர்கள் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் பொழுதுக்கும் புகழ்ந்துகொண்டேதான் இருந்தார்கள், இத்தனை புகழ்ந்தும் ஒன்றும் வளரவில்லையே என்பதுதான் அவர்களுக்கு உள்ளுக்குள் ஒரு குறை. அமெரிக்காவில் அயோவா மாநிலத்துச் சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு தேவாலயம், ஒரு பெட்ரோல் பங்க், மூன்று ஐஸ்கிரீம் கடைகளோடு கிடக்கிற சின்ன ஊர் அது. அங்கே தபால்காரர் தபாலைப் பெட்டிக்குள் போட்டால் அற்புதம் என்பார்கள், வெளியே போட்டால் நல்ல முயற்சி என்பார்கள், சைக்கிளிலிருந்து குப்புற விழுந்த பிள்ளையைத் தூக்கி நிறுத்தி என்ன அழகாக விழுந்தாய் செல்லமே என்பார்கள், பல்லைப் பிடுங்கிய டாக்டரும் பல்லைக் கொடுத்தவரும் ஒருவரையொருவர் மாறிமாறிப் பாராட்டிவிட்டு, ரத்தம் ஒழுகச் சிரித்தபடி பிரிவார்கள். யாரையாவது குறை சொல்லியே தீர வேண்டிய நெருக்கடி வந்தால் மட்டும் குரலைத் தாழ்த்தி, "வித்தியாசமாக இருக்கிறது" என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டவருக்கு அன்று சோறு இறங்காது.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் கோவில்பட்டியிலிருந்து செண்பகவல்லி வந்து சேர்ந்தாள். மண்ணைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்க வந்தவள். பல்கலைக்கழகம் அவளை ஹால்வர்சன் தம்பதியின் வீட்டு மாடியில் தங்க வைத்தது. லோரெட்டா அம்மாளும் அவர் கணவர் வெண்டலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், இரண்டு பேருக்குமாகச் சேர்த்து நான்கு முழங்காலும் வலி. அதனால் அவர்களுடைய நாயைக் காலையும் மாலையும் நடக்கக் கூட்டிப் போவதும், அதற்கு நல்ல பழக்கவழக்கம் சொல்லிக் கொடுப்பதும் செண்பகத்தின் பொறுப்பு என்று முதல் நாளே பேசி முடிவானது. பட்டன் அப்போது ஒரு முழு ரொட்டி அளவுக்கு இருந்தது. பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் எப்போதும் மடங்கியிருக்கும்.

நாயைப் பழக்குவதற்கு மார்லா என்ற பயிற்சியாளர் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமைதோறும் வகுப்பு எடுத்தார். அவருடைய மதத்தில் ஒரே ஒரு கட்டளைதான் இருந்தது. நாய் எதையாவது சரியாகச் செய்தால் இரண்டு விநாடிக்குள் பாராட்டு போய்ச் சேர வேண்டும், தப்பாகச் செய்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அது சரியாகச் செய்கிற வரைக்கும் காத்திருந்து பாராட்ட வேண்டும். "திட்டவே கூடாது, சென். திட்டினால் அதன் தன்னம்பிக்கை உடைந்துவிடும்" என்றார், செண்பகவல்லியைச் சென் என்று சுருக்கிவிட்ட மார்லா. சொந்த மாமாவே கல்யாண வீட்டில் ஐந்நூறு பேருக்கு நடுவில் "என்ன கண்ணு இம்புட்டுக் கறுத்துட்ட" என்று கேட்டுத் தன் தன்னம்பிக்கையை வளர்த்துவிட்ட ஊரிலிருந்து வந்த செண்பகம், தலையை ஆட்டிவைத்தாள்.

பாராட்ட அவளுக்கு வரவில்லை. அது அவள் குற்றமும் இல்லை. அவளுடைய அப்பா சீனிச்சாமி, கோவில்பட்டியிலிருந்து சாத்தூர் போகிற சாலையில் லாரிகளை நிறுக்கிற எடைமேடை வைத்திருந்தார். பேரில் இருந்த சீனி அவர் வாய்வரைக்கும் வந்ததில்லை. பிள்ளைகளைப் பாராட்டினால் பெற்றவன் கண்ணே பட்டுவிடும் என்பது அவர் கட்சி. அதனால் பிள்ளையின் நன்மைக்காக ஆயுசு முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தார். செண்பகம் பிளஸ் டூவில் ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று மதிப்பெண் வாங்கி வந்தபோது, மதிப்பெண் பட்டியலை லாரிச் சீட்டைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல" என்றார். அந்தப் பாராட்டைத் தெருவே ஒரு வாரம் பேசியது. அதற்கு முன்னும் பின்னும் அவள் எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவரிடமிருந்து வந்தது ஒன்றே ஒன்றுதான்: "சரி. வேற?"

ஆக, செண்பகம் சொல்லிக் கொடுத்தாள், ஊர் பாராட்டியது. பட்டன் உட்கார்ந்தது, "என்ன ஒரு உட்கார்தல்!" என்று லோரெட்டா அம்மாள் கைதட்டினார், பட்டன் ஒரு விரற்கடை வளர்ந்தது. பட்டன் எழுந்து நின்றது, வெண்டல் கண் கலங்கினார், இன்னொரு விரற்கடை. தெருவில் கூட்டிப் போனால் வேலிக்கு வேலி ஆட்கள் எட்டிப் பார்த்து நீ மேதை, நீ மகான், உன்னைப்போல் ஒன்றைப் பார்த்ததில்லை என்று சொல்ல, நடக்கக் கிளம்பும்போது முழங்கால் உயரம் இருந்த நாய் திரும்பி வரும்போது இடுப்பு உயரம் இருந்தது. செப்டம்பரில் கன்றுக்குட்டி, அக்டோபர் தொடக்கத்தில் எருமை, பாதியில் கோவில்பட்டியில் மினி பஸ் என்று சொல்வார்களே, அந்த அளவு.

ஊர் இதைச் சிரித்த முகமாகவே ஏற்றுக்கொண்டது. வெண்டல் பின்வாசல் கதவை இரண்டு முறை அகலப்படுத்திவிட்டு, மூன்றாவது முறை கதவு என்கிற எண்ணத்தையே கைவிட்டுச் சுவரை எடுத்தார். நாயின் கயிறு ஆறடிக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஊர்ச் சட்டம் இருந்ததால் ஆறடிக்குள்ளேயே ஒரு கப்பல் கயிறு வாங்கினார்கள். காலையில் அது கழித்ததை அள்ளப் பனி தள்ளுகிற வண்டி வந்தது, அள்ளியதைச் சோளக்காட்டு விவசாயிகள் முன்பதிவு செய்து வாங்கிப்போனார்கள். வண்டியோட்டியை விவசாயிகளும் விவசாயிகளை வண்டியோட்டியும் பாராட்டினார்கள், அந்தப் பாராட்டு காதில் விழுந்ததால் பட்டன் இன்னும் கொஞ்சம் வளர்ந்தது. தேவாலயப் பாதிரியார் சிறியவை பெரியவை ஆவது பற்றி நான்கு ஞாயிறு பிரசங்கம் செய்தார். நாய் எதனால் இப்படி ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் அதில் ஏதோ தப்பு இருப்பதாக அர்த்தமாகிவிடும், அது மரியாதை இல்லை.

பட்டன் தன் பெரிய தலையைச் செண்பகத்தின் மாடி ஜன்னலில் வைத்துக்கொண்டு, அவள் படிப்பதைப் பார்த்தபடி மணிக்கணக்காக நிற்கும். ஊரே புகழ்ந்தாலும் அது பார்ப்பது அவள் முகத்தைத்தான். அவளுக்கும் பட்டனை ரொம்பப் பிடித்திருந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, பட்டனிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் கடைசியில் பட்டன் பூங்காவிலிருந்த இசை மண்டபத்தின்மேல் சாய்ந்து முதுகைச் சொறிந்துகொண்டது. மண்டபம் படுத்துவிட்டது. ஊர் நலக் குழு கூடியது. குழுத் தலைவர் எழுந்து பட்டனை ஐந்து நிமிடம் பாராட்டிவிட்டு, அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் வித்தியாசமாக இருக்கிறது" என்றார். லோரெட்டா அம்மாள் அழுதார். நவம்பர் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்குள், ஹால்வர்சன் வீட்டு முன்கதவின் அடியில் பட்டன் போய்வர முன்பு வைத்திருந்த சின்னத் தொங்குகதவு வழியாக அது நுழைந்து காட்ட வேண்டும், முடியாவிட்டால் எங்கோ பாலைவனத்தில் இருக்கிற ஒரு விலங்குக் காப்பகத்துக்கு அனுப்பி, கம்பிக்குப் பின்னால் வைத்துவிடுவார்கள் என்று தீர்மானம் ஆனது. இவ்வளவு அருமையான தீர்மானத்துக்காக எல்லாரும் தங்களைக் கைதட்டிப் பாராட்டிக்கொண்டார்கள். வாசலில் கட்டியிருந்த பட்டன் அந்தக் கைதட்டலுக்கும் இரண்டு விரற்கடை வளர்ந்தது.

மறுநாள் அப்பா அனுப்பிய பார்சல் வந்தது. சாத்தூர் காரச்சேவு இரண்டு கிலோ. செண்பகம் கத்தரிக்கோல் எடுக்கத் திரும்பிய நேரத்தில் ஜன்னல் வழியாக ஒரு நாக்கு உள்ளே வந்தது, பார்சல் அட்டையோடு போனது.

"ஏ வெளங்காத மூதி!" என்று கத்தினாள் செண்பகம். ஒன்பதாயிரம் மைல் தாண்டி வந்த காரச்சேவு. "எடுபட்ட பயலே! தின்னு தின்னு தடிமாடு மாதிரி வளந்து நிக்கியே, கூறு இருக்கா ஒனக்கு? காரம் தாங்காம நாளைக்கு வயித்தப் புடிச்சிக்கிட்டு எங்கிட்டத்தான வருவ!"

பட்டன் வாலை ஆட்டியது. ஆட்டிக்கொண்டே ஒரு முழம் இறங்கியது.

இதற்குப் பெயர்தான் கைவசம் தொழில் இருப்பது. அன்றிலிருந்து செண்பகம் தினமும் பட்டனை அறுப்பு முடிந்த சோளக்காட்டுக்குள் கூட்டிப்போய், ஆளில்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி, தான் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் அதற்குக் கொடுத்தாள். கழுதை, எருமை, நாசமாப் போறவனே, பொழைக்கத் தெரியாதவனே, ஒன்னைய வச்சிக்கிட்டு நான் என்ன செய்யப்போறேன். சொல்லிக்கொண்டே அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துவிடுவாள், காலில் குத்திய முள்ளை எடுப்பாள். பட்டன் கண்ணை மூடிக்கொண்டு, கோவில் மேளம் கேட்பதுபோல நின்று கேட்டு, சாணுக்குச் சாண் குறைந்தது. மினி பஸ் எருமையாகி, எருமை கன்றாகி வந்தது.

ஊருக்குத் தெரியாமல் போகுமா? மார்லா நேராகவே கேட்டார். "சென், அதனிடம் நீ என்ன சொல்கிறாய்?"

"எங்க ஊர் மந்திரம்" என்றாள் செண்பகம். மார்லா அதை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

கெடுவுக்கு முந்தின சனிக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நாற்பத்திரண்டு பேர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, மார்லா ஒவ்வொரு சொல்லாகச் சொல்லித் தர, "வெளங்காத மூதி" என்று ஒரே குரலில் ஓதினார்கள். உச்சரிப்பு அருமை என்று ஒருவரையொருவர் பாராட்டினார்கள். லோரெட்டா அம்மாள் வீட்டுக்கு வந்து பட்டனைக் கட்டிப்பிடித்து, தேன் ஒழுகுகிற குரலில், "எடுபட்ட பயலே, என் எடுபட்ட பயலே" என்று கொஞ்சினார். பட்டன் அரை அடி வளர்ந்தது. நாய் சொல்லையா கேட்கிறது, குரலைத்தானே கேட்கிறது. மாலையில் செண்பகம் அந்த அரை அடியையும் சேர்த்துத் திட்டிக் குறைக்க வேண்டியதாயிற்று.

இப்படியே பகலில் ஊர் ஏற்றியதை மாலையில் இவள் இறக்கி, வியாழக்கிழமைக் காலையில் பட்டன் தொங்குகதவுக்குச் சரியாக வந்து நின்றது. இன்னும் இரண்டு நாள் இதே அளவில் வைத்திருந்தால் போதும்.

அந்தக் காலையில்தான் செண்பகத்துக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. களிமண் பற்றி அவள் எழுதிய கட்டுரைக்கு அந்த வருடத்தின் சிறந்த ஆய்வு என்று பரிசு. தினமும் காலை ஏழு மணிக்கு அவள் அப்பாவுக்குப் போன் போடுவாள், அங்கே மாலை ஐந்தரை, கடைசி லாரி ஏறுகிற நேரம். இன்று அந்த மின்னஞ்சலை இரண்டு தடவை படித்துவிட்டு நம்பரை அழுத்தினாள்.

"அப்பா, எனக்குப் பரிசு கெடச்சிருக்கு. இந்த வருசத்துலயே பெரிய பரிசு. எல்லா நாட்டுக்காரங்களும் எழுதினதுல எனக்குத்தான்."

லாரி ஒன்று மேடையிலிருந்து இறங்குகிற சத்தம் கேட்டது.

"சரி" என்றார் சீனிச்சாமி. "வேற?"

"வேற ஒண்ணும் இல்லப்பா."

அவள் கயிறுகூட எடுக்காமல் பட்டனைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள். மூன்று மாதமாக அவள் பட்டனுக்குச் சொல்லிக் கொடுத்து, அது ஒரு தடவைகூடச் செய்யாத பாடம் ஒன்று இருந்தது. 'இரு' என்றால் அவள் 'வா' என்று சொல்கிற வரைக்கும் உட்கார்ந்த இடத்தில் இருக்க வேண்டும். பெட்ரோல் பங்க் எதிரே பழக்கதோஷத்தில் "இரு" என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து, திரும்பிப் பார்த்தாள். பட்டன் இருந்தது. ஒரு லாரி போனது, இருந்தது. அணில் ஒன்று அதன் மூக்குக்கு முன்னால் நின்று கொட்டை தின்றுவிட்டுப் போனது, மீசை துடிக்க, உடம்பெல்லாம் நடுங்க, அப்போதும் இருந்தது. இருந்துகொண்டு சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் முகத்தையே பார்த்தது. பார்த்தாயா என்று கேட்கிற பார்வை.

செண்பகம் வாயைத் திறந்தாள். அவள் நினைத்தது வேறு, வந்தது வேறு. அவளுடைய குரல்கூட இல்லை அது, எடைமேடைக் குரல்.

"சரி. வேற?"

அவள் கண்ணெதிரே பட்டன் குறைந்தது. திட்டும்போது குறைகிற மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு குறையவில்லை. சத்தமில்லாமல், உட்கார்ந்தபடியே, மடங்கிய காது மடங்கியபடியே, பூனையளவு, அணிலளவு, எலுமிச்சம்பழ அளவு என்று போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் பார்க்காமல் அவள் ஓடிவந்து சேர்ந்தபோது நடைபாதை ஓரத்தில் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குப் பட்டன் உட்கார்ந்திருந்தது. அவள் இன்னும் 'வா' என்று சொல்லவில்லை அல்லவா.

வெள்ளிக்கிழமை முழுக்க ஊர் வரிசையில் வந்தது. சமையலறை மேசையில், ஒரு வெல்வெட் துணியின்மேல், பட்டன் அசையாமல் உட்கார்ந்திருக்க, ஒவ்வொருவராகக் குனிந்து, நீ மேதை, நீ மகான், இவ்வளவு சின்னதாக ஒரு நாயைப் பார்த்ததே இல்லை, என்ன ஒரு சிறுமை என்று புகழ்ந்தார்கள். பாதிரியார் பெரியவை சிறியவை ஆவது பற்றி ஒரு பிரசங்கத்துக்குக் குறிப்பெடுத்துக்கொண்டார். தொங்குகதவில் தாராளமாக நுழையும் என்று குழுத் தலைவர் மகிழ்ந்தார். பட்டன் எதையும் காதில் வாங்கவில்லை, செண்பகம் இருந்த பக்கமே பார்த்தது. பார்க்கப் பார்க்கக் குறைந்துகொண்டே வந்தது. மாலையில் மிளகு.

செண்பகம் முயற்சி செய்யாமல் இல்லை. ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தாள், பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல இருந்தது, ஒன்றும் நடக்கவில்லை. வாலாவது ஆட்டுமா என்று திட்டிப் பார்த்தாள், ஆட்டவில்லை. தமிழில் பாராட்டலாம் என்று வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இருபத்தாறு வருடத்தில் ஒருமுறையும் வாங்காததை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது?

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பட்டன் கடுகளவு இருந்தது. செண்பகம் போன் போட்டாள். நடந்ததை எல்லாம் சொன்னாள், 'சரி, வேற' என்று தான் சொன்னதையும் சொன்னாள். சீனிச்சாமி குறுக்கே பேசாமல் கேட்டார். புகழ்ந்தால் நாய் வளர்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அதனால்தானே அவர் யாரையும் புகழ்வதில்லை.

"எடை என்ன காட்டுது?" என்றார்.

சமையலறைத் தராசில் வைத்தாள். "சைபர்ப்பா."

"எடை காட்டலன்னா மேடையில சாமான் இல்லன்னு அர்த்தம்."

"இருக்குப்பா" என்று செண்பகம் அழுதாள். "என் கண்ணு முன்னாடிதான் உக்காந்திருக்கு. என்னையேதான் பாத்துக்கிட்டு இருக்கு. ஒரே ஒரு நல்ல வார்த்த சொன்னாப் போதும், எனக்குச் சொல்ல வரலப்பா. நீங்க எனக்குச் சொல்லிக் குடுக்கவே இல்லயே."

அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்தது. இன்னொரு முறை அடித்தது. "யோவ், நிப்பாட்டுய்யா வண்டிய!" என்று சீனிச்சாமி யாரையோ அதட்டினார்.

"போன ஸ்பீக்கர்ல போட்டு அது பக்கத்துல வையி" என்றார் கடைசியில். "நீ வெளிய போ. கதவச் சாத்திக்கோ."

செண்பகம் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவில் காதை வைத்துக்கொண்டாள்.

உள்ளே சீனிச்சாமி தொண்டையைக் கனைத்தார். லாரிக்காரர்களிடம் பேசுகிற அதட்டல் இல்லை, குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஏ பட்டன். நான் செண்பகத்தோட அப்பா பேசுறேன். நீ ரோட்டோரத்துல அணிலு வந்தும் அசையாம இருந்தியாமே. அவ சொன்னா. பரவாயில்ல."

மேசைமேல் நகம் கீறுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம்.

"பரவாயில்ல என்ன, நல்லாவே இருந்திருக்க. அவ வளத்த புள்ள வேற எப்படி இருக்கும். ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. அவ கெட்டிக்காரி. சின்னதுலருந்தே கெட்டிக்காரி. வியாழக்கெழம அவ பரிசு வாங்குனதச் சொன்னப்ப நான் மேடைய விட்டு எறங்கிப் போயி, போற வார லாரிக்காரனையெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். நம்ம வம்சத்துல இப்படி ஒருத்தி பொறந்ததில்ல." மூக்கை உறிஞ்சினார். "அவகிட்டச் சொல்லிராத. கண்ணு பட்டுரும்."

உள்ளே ஏதோ நொறுங்கியது. செண்பகம் கதவைத் திறந்தாள். மேசைமேல் அப்பளமாகிவிட்ட தராசின்மீது பட்டன், தொங்குகதவுக்குச் சரியான அளவில், மடங்கிய காதோடு, இன்னும் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தது. அவள் முழங்காலிட்டு அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"என் ராசா" என்றாள். "எவ்வளவு அழகா இருந்த. வா."

பட்டன் வந்தது. ஒரு விரற்கடை கூடிவிட்டது. அதனால் பத்து மணிக்குத் தொங்குகதவில் நுழையும்போது வயிறு கொஞ்சம் பிடித்தது, ஆனாலும் நுழைந்துவிட்டது. ஊர் கைதட்டப் போனபோது செண்பகம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், நாற்பத்திரண்டு பேரும் பாராட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். நாயைப் பாராட்ட முடியாததால் தங்களைத் தாங்களே பாராட்டிக்கொண்டார்கள். நாய்களைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் புதுமுறைக்காக மார்லாவுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். லோரெட்டா அம்மாள் செண்பகத்தைக் கட்டிக்கொண்டு, "சென், நீ உலகத்திலேயே அற்புதமான பெண்" என்றார். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை செண்பகம் எழுந்து உடுத்தியபோது பேண்ட் கணுக்காலுக்கு மேலே நான்கு விரற்கடை ஏறி நின்றது. எல்லாப் பேண்டும் அப்படித்தான். சட்டைக் கைகள் மணிக்கட்டை எட்டவில்லை. ஏழு மணிக்குப் போன் போட்டாள்.

"அப்பா, பேண்ட்டெல்லாம் எனக்குக் கட்டையாயிருச்சு."

அந்தப் பக்கம் லாரி ஒன்று மேடையில் ஏறியது.

"தண்ணியில சுருங்கியிருக்கும்" என்றார் சீனிச்சாமி. "அந்த ஊர்த் துணி அம்புட்டுத்தான். பெருசா வாங்கிக்கோ."

"சரிப்பா."

"ம். வேற?"

"வேற ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு, பட்டனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிய செண்பகம், மூன்று மாதமாக நிமிர்ந்தே போய் வந்த வாசலில் முதல் முறையாகத் தலையை இடித்துக்கொண்டாள்.